அமரச் சொன்னவர்

அவர் முகம் கழுவும் அறைக்குள்ளிருந்து ஒவ்வொரு நாள் காலையிலும் ஒரு வாசகம் கேட்கும். "மிகவும் வருந்துகிறேன்." பிறகு கொஞ்ச நேரம் சவரக் கத்தியைத் தண்ணீரில் அலம்புகிற சத்தம். மறுபடியும், குரலை இன்னும் கொஞ்சம் இறக்கி, "மிகவும் வருந்துகிறேன்." ஐந்து தரம், ஆறு தரம். சரியாக வந்துவிட்டது என்று அவருக்குப் பட்டால்தான் கதவு திறக்கும். இஞ்சி தட்டிப் போட்டுத் தேன் விட்ட சுடுதண்ணீரைத் தட்டில் ஏந்திக்கொண்டு நான் வாசலில் நிற்பேன். அது அவருடைய தொண்டைக்கு. யாருக்காகவோ மனிதர் விடிந்ததும் விடியாததுமாக இப்படி வருந்துகிறாரே என்று அப்போது எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை. இப்போது நினைத்தால் குமட்டுகிறது.

அவர் வெள்ளைக்காரர். எந்த நாடு என்று எழுதப் போவதில்லை, எழுதினாலும் எனக்கு அந்த நாட்டைத் தெரியாது. அவர்களுடைய தூதரகம் கொழும்பில் இருந்தது. தமிழர் வீடுகளை எரித்த கலவரம் நடந்த மறு வருஷம், மலைநாட்டில் ஆட்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்து எழுதி அனுப்புவதற்காக இவரைக் கண்டிக்கு அனுப்பினார்கள். வாவிக்கு மேலே, ஹந்தானைக்கு ஏறும் ரோட்டில் ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்துக் கொடுத்திருந்தார்கள். அங்கே நான் ஒன்றேகால் வருஷம் வேலை பார்த்தேன். கூட்டித் துடைப்பது, துணி மடிப்பது, வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பது. நான் ஹந்தானை மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிக் கிடக்கும் லயத்தில் பிறந்தவள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. கொழுந்து பறித்துக் கறுத்த கை இது. ஆனால் ஒரு வீட்டிலும் மிச்சம் மீதி வாங்கிச் சாப்பிட்டதில்லை. அந்தப் பங்களாவுக்கும் என் சோற்றை நானே கட்டிக்கொண்டுதான் போவேன்.

அவருக்குத் தமிழ் தெரியும். அவருடைய நாட்டிலேயே புத்தகம் வைத்துப் படித்தாராம். அதுவும் எங்களைப் போலப் பேச மாட்டார். கோயில் திருவிழாவில் பிரசங்கம் செய்கிறவர் பேசுவாரே, அப்படி. "வாருங்கள். அமருங்கள். நலமாக இருக்கிறீர்களா?" தலையைக் கொஞ்சம் சாய்த்து, வலது கையை நெஞ்சில் வைத்து, ஒவ்வொரு சொல்லையும் தடவிக் கொடுத்து அனுப்புவார். லயத்தில் அவருக்குத் தமிழ்த் துரை என்று பேர் விழுந்துவிட்டது.

தோட்டத்தில் வளராதவர்களுக்கு ஒன்று விளங்காது. எங்களுக்கு வருகிற சேதி எல்லாம் ஏச்சோடுதான் வரும். கங்காணி ஏசுவார், கணக்கப்பிள்ளை ஏசுவார், பெரிய கிளாக்கர் ஏசுவார். சொல்லைப் பிடித்து நாங்கள் விஷயத்தை அறிவதில்லை, ஏச்சைப் பிடித்து அறிவோம். எவ்வளவு உரத்து ஏசுகிறார்களோ அவ்வளவு அவசரம். ஒரு துரை ஏசாமல் மெதுவாகப் பேசிவிட்டால் கேட்ட காரியம் கைகூடிவிட்டது என்று வீட்டுக்குப் போய் உலை வைக்கலாம். என் அப்பாவிடம் தோட்டத்தை ஆளும் பெரிய துரை ஆயுசுக்கும் ஒரே ஒரு தரம்தான் மெதுவாகப் பேசினாராம். அன்றைக்குத்தான் எங்களுக்கு லயத்தில் இரண்டாவது காம்பரா கிடைத்தது. இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த ஆட்கள் நாங்கள்.

அப்படிப்பட்ட ஆட்களுக்கு முன்னால் இந்த மனிதர் கதிரையை இழுத்துப் போட்டார்.

வராந்தாவில் நாலு பிரம்புக் கதிரைகள். வருகிறவள் காதில் தோட்டுக்குப் பதில் கறுப்புக் கயிறு போட்டிருந்தாலும் சரி, காலில் செருப்பில்லாமல் இருந்தாலும் சரி, தானே எழுந்து வந்து கதிரையைக் காட்டி, "அமருங்கள் அம்மா" என்பார். அவர்கள் திகைத்துப் போவார்கள். ஒரு கிழவி உட்காரத் தெரியாமல் கதிரையின் முன் விளிம்பில் குந்தி, தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை அழுதுகொண்டேயிருந்தாள். அவளுடைய லயம் எரிந்து போயிருந்தது. கூரைக்குத் தகரம் வேண்டுமென்று கேட்க வந்தவள். கேட்டாளா, அவர் என்ன சொன்னார் என்பதெல்லாம் போகும்போது அவளுக்கே நினைவில்லை. "என்னைய வாங்கன்னு கூப்புட்டாரு" என்று படியிறங்கினாள். தகரம் வரவில்லை. அந்தக் கிழவி மழைக்காலம் முழுக்கச் சாக்குக்கு அடியில் கிடந்துகொண்டு அவரை வாழ்த்தினாள்.

அவர் வாசல்வரை கூட வந்து வழியனுப்புவார். ஆட்கள் சிரித்த முகமாகப் போவார்கள். வெறுங்கையோடு போகிறோம் என்று அந்த ரோட்டில் இறங்கிய ஒருவருக்கும் தோன்றியதாக நான் பார்க்கவில்லை.

ஒரு தரம் எனக்குக் கண் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பிலிமத்தலாவையிலிருந்து வந்து போகிற ஒரு சிங்களச் சமையல்காரர் அங்கே இருந்தார். கறியில் காரம் கூடிப்போனது என்று துரைக்கு அவர்மேல் மனத்தாங்கல். ஒரு நாள் அவரைக் கூப்பிட்டு, தோளில் கை வைத்து, அவருக்கு விளங்கும் சிங்களத்தில், நீங்கள் எங்களுக்காக மிகவும் உழைத்துவிட்டீர்கள், இனி வீட்டில் ஓய்வாக இருங்கள் என்று சொன்னார். அவரும் கும்பிட்டுவிட்டுப் போனார். ஒரு கிழமை கழித்து, தலையில் ஒரு முழுப் பலாப்பழத்தோடு வேர்த்து வடிய ஏறி வந்தார். துரைக்கு என்று தன் தோட்டத்தில் பழுத்ததாம். குசினியில் வேறொருவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

மனிதர் பலாப்பழத்தை இறக்காமல் என்னைப் பார்த்தார். "லீவு தந்தார் எண்டுதானே நெனச்சது அக்கே. ஏசவே இல்லையே. ஏசாம வேல போகுமா?"

நான் சிரித்தேன். வாயைப் பொத்திக்கொண்டு, குசினிக்குப் பின்னால் போய் நின்று சிரித்தேன். லயத்தில் போய்ச் சொல்லி அவர்களையும் சிரிக்க வைத்தேன். சிங்களவருக்கு நம்முடைய துரையின் பேச்சு விளங்கவில்லை, நமக்கென்றால் விளங்கியிருக்கும் என்று எனக்கு ஒரு மமதை.

அதற்குப் பிறகுதான் சந்திரனைப் பொலிசில் பிடித்தார்கள். என் வீட்டுக்காரருடைய தங்கை ராக்கம்மாவின் மகன். இருபத்திரண்டு வயது. பல் பிடுங்கக் கண்டிக்கு வந்தவனை பஸ் நிற்கும் இடத்தில் மறித்து அடையாள அட்டை கேட்டார்கள். எங்கள் ஆட்களில் பாதிப் பேரிடம் அப்போது அது கிடையாது. பன்வில பக்கம் ஒரு பாலத்தடியில் ஏதோ வெடித்ததாம், அதில் இவனும் கூட்டாம். வெடித்த நாளில் அவன் காலையிலிருந்து பொழுது சாயும்வரை தோட்டத்துத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டிக்கொண்டிருந்தான். செக்ரோலில் அவன் பேர் விழுந்திருக்கிறது. அன்றன்றைக்கு வேலைக்கு வந்தவர்களின் பேரைப் பதிகிற அந்தப் புத்தகத்தைவிடப் பெரிய சாட்சி தோட்டத்தில் இல்லை.

ராக்கம்மா கோழியைக்கூட உரத்து விரட்டாதவள். அவள் வீட்டுக்குள் இருக்கிறாளா இல்லையா என்று பக்கத்துக் காம்பராவுக்கே தெரியாது. அவளைக் கூட்டிக்கொண்டு செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு லோயரிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், கலவரத்தில் வீடு எரிந்து, கோர்ட்டுக்குக் கீழே ஒரு மாடி அறையில் குடியும் தொழிலுமாக இருந்தார். உட்கார ஒரே ஒரு வாங்குப் பலகைதான் இருந்தது. அதிலும் கட்டுக் கட்டாகப் பேப்பர். நாங்கள் நின்றோம். ராக்கம்மா அழ ஆரம்பித்தாள். அவர் பேனாவை மேசையில் போட்டார்.

"அழுது என்ர நேரத்தைத் தின்னாத. வெள்ளிக்கிழமை விடிய இவங்களைத் தெற்கில இருக்கிற தடுப்புக் காம்புக்கு ஏத்தப் போறாங்கள். அதுக்கு முன்னம் தோட்டத்துப் பெரிய துரையின்ர கையெழுத்தோட, செக்ரோலைப் பார்த்து எழுதின கடுதாசி என்ர மேசையில இருக்கோணும். இல்லாட்டி உன்ர பெடியனைக் கனகாலத்துக்குக் காணமாட்டாய். விளங்குதோ? விளங்கினா நிண்டுகொண்டிராத, ஓடு."

நாயை விரட்டுகிற மாதிரி விரட்டினார். படியில் இறங்கும்போது எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எங்களை யார் என்று நினைத்தான் இவன்? இவனிடம் வந்து நிற்கத்தான் வேண்டுமா? பெரிய கிளாக்கரைப் புதன்கிழமைதான் பார்க்க முடியும். அவரும் ஏசுவார். தோட்டத்துப் பெரிய துரை வியாழக்கிழமை கொழும்புக்குப் போய்விடுவார். அதற்குள் கிளாக்கர் எழுதி, துரை ஒப்பம் வைத்து, எத்தனை பேர் காலில் விழ வேண்டும்? நான்தான் சொன்னேன்: "வா, எங்க தொரைகிட்ட போவோம்."

அவர் எழுந்து வந்தார். கதிரையைக் காட்டினார். ராக்கம்மா உட்கார்ந்தாள். தேத்தண்ணியை நான் கொண்டுவர, அவர் என் கையிலிருந்து வாங்கித் தன் கையாலேயே அவளுக்குக் கொடுத்தார். அவள் சொன்னதையெல்லாம் இடையில் ஒரு சொல் பேசாமல் கேட்டார். பிறகு நெஞ்சில் கை வைத்தார். அவர் சொன்னதை இன்றைக்கும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்வேன்.

"அம்மா, உங்கள் துயரம் என் நெஞ்சைத் தொடுகிறது. இது உங்கள் நாட்டுச் சட்டத்தின் காரியம், எங்களால் எதுவும் செய்ய இயலாது. மிகவும் வருந்துகிறேன். உங்கள் மகனின் பெயரை எழுதிக்கொள்கிறேன். எங்கள் எண்ணமெல்லாம் உங்களோடு இருக்கும்."

பேரை எழுதினார். எங்கள் கண் முன்னால், தடித்த தாளில், மைப்பேனாவால். வாசல்வரை வந்தார்.

ரோட்டுக்கு வந்ததும் ராக்கம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மதினி, பேர எழுதிட்டாருல்ல?" எழுதிவிட்டார் என்றேன். நாளைக்குக் கிளாக்கரிடம் போக வேண்டுமா என்று கேட்டாள். நான் இதை மறைக்க முடியாது. "எதுக்கு அவன்கிட்டயும் ஏச்சு வாங்கணும்? தொரை பாத்துக்குவாரு" என்று சொன்னவள் நான்தான். புதன்கிழமை ராக்கம்மா கிளாக்கரின் ஆபீசுக்குப் போகவில்லை. கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தாள். வியாழக்கிழமை மகனுடைய சட்டையைத் துவைத்துக் காயப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை அந்தச் சட்டையையும் சோற்றுப் பார்சலையும் எடுத்துக்கொண்டு, அவனை அடைத்திருந்த மறியல் வாசலுக்குப் போனோம். விடியற்காலையிலேயே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று காவல்காரன் சொன்னான். அவன் அதை உரத்துத்தான் சொன்னான். எங்களுக்கு உடனே விளங்கியது.

நான் நேரே பங்களாவுக்குப் போனேன். அவர் வராந்தாவில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். பையனைக் கொண்டுபோய்விட்டார்கள், நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்றல்லவா நம்பியிருந்தோம் என்றேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. குரலிலும் இல்லை. "அன்றே சொன்னேனே, அம்மா. எங்களால் இயலாது என்று."

நான் மனதுக்குள் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிப் பார்த்தேன். சொல்லியிருந்தார். நெஞ்சைத் தொட்டதற்கும் பேரை எழுதியதற்கும் நடுவில், சுத்தமான தமிழில், சொல்லித்தான் இருந்தார். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பார்கள். அந்த ஊசியாவது கடிக்கும்போது குத்தும். இவர் ஏற்றியது நாங்கள் விழுங்கி மூன்று நாள் கழித்துக் குத்தியது. அவர் பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது. பொய்யனைத் திட்டிவிட்டுப் போகலாம்.

"அத ஏசிச் சொல்லியிருக்கலாமே தொரை" என்றேன். "ஏசியிருந்தீங்கன்னா அன்னைக்கே ஓடியிருப்போம். கடுதாசி கெடச்சிருக்கும்."

அவருக்கு நான் சொன்னது விளங்கவில்லை. அல்லது விளங்கியும் அவருக்கு அது ஒரு பாராட்டாகத்தான் பட்டது. லேசாகச் சிரித்தார். "நான் யாரையும் ஏசுவதில்லை, அம்மா." பிறகு கதிரையைக் காட்டினார். "அமருங்கள்."

ஒரு வருஷத்துக்கு மேல் அந்த வீட்டில் அந்தக் கதிரைகளைத் துடைத்திருக்கிறேன். அவர் என்னை உட்காரச் சொன்னது அன்றைக்குத்தான். நானும் ஏதோ கேட்டு வந்து, கேட்டது கிடைக்காமல் சிரித்த முகமாக அனுப்பி வைக்கப்பட வேண்டியவளாகிவிட்டேன் என்று எனக்கு அப்போது தெரிந்தது. நான் உட்காரவில்லை. குசினிக்குப் போய் மிச்சமிருந்த கோப்பைகளைக் கழுவினேன். கைத்துண்டில் கையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், பிசுபிசுப்பு போன மாதிரியே இல்லை. மாதம் முடியும்வரை அங்கே வேலையும் பார்த்தேன். உடனே விட்டெறிந்துவிட்டு வந்தேன் என்று சொல்ல ஆசைதான். வயிறு விடவில்லை.

சனிக்கிழமை அந்த லோயரிடம் மறுபடி போய் நின்றோம். அவர் ஏசிய ஏச்சைத் தெருவே கேட்டது. மடச்சியள் என்றார். வெள்ளைக்காரன் தேத்தண்ணி தந்தால் பிள்ளையைக் குடுத்துவிட்டு வருவியளோ என்றார். ராக்கம்மா காதைப் பொத்திக்கொண்டாள். நான் பொத்தவில்லை. ஒவ்வொரு ஏச்சுக்குள்ளும் என்ன செய்ய வேண்டும் என்று இருந்தது. எந்தக் கடுதாசி, யாரிடம், எத்தனை பிரதி, எந்தத் திகதிக்குள். ஏசிக்கொண்டே அவர் மூன்று வருஷம் அந்த வழக்கைப் பார்த்தார்.

தமிழ்த் துரைக்கு மாற்றல் வந்தபோது அவரை வழியனுப்ப லயங்களிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். தகரம் கிடைக்காத கிழவி வந்தாள். மாலை, பழத்தட்டு, கண்ணீர். ராக்கம்மாவும் ஒரு கதம்ப மாலை கட்டி என் கையில் கொடுத்தாள். "நீங்க போனா இதப் போட்டுருங்க மதினி. நல்ல மனுசன். என்ன செய்ய, அவரால ஏலாமப் போச்சு." மகனைப் பறிகொடுத்தவள் சொல்கிறாள். அவளை ஏச மனமில்லை. மாலையை வாங்கிக்கொண்டு நடந்தேன். வாவிப் பக்கம் திரும்பும் முடக்கில் ஒரு ஆடு கட்டிக் கிடந்தது. அதன் முன்னால் போட்டேன். அது நாரையும் விடாமல் தின்று முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பினேன்.

சந்திரன் வந்தது மழை விட்டிருந்த ஒரு மத்தியானம். லோயரே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்து, லயத்து முடக்கில் இறக்கிவிட்டு, வீட்டுக்குள் வராமல் திரும்பிப் போனார். பையனுக்குத் தலைமுடி பாதி நரைத்திருந்தது. பக்கத்துக் காம்பராவில் இரவல் வாங்கி ஒரு கதிரை போட்டிருந்தோம். ராக்கம்மா சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு, அவளுடைய வழக்கமான குரலில், காற்று மாதிரி, "உக்காருப்பா" என்றாள்.

அவன் பின்னுக்குப் போய்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான். இன்னொரு தரம் சொன்னாள். இன்னும் மெதுவாகச் சொன்னாள். அவன் இரண்டு கையாலும் முகத்தை மறைத்துக்கொண்டான். நான் கதிரையை எடுத்து வெளியே வைத்துவிட்டு வந்தேன். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம்தான் சொன்னான். "அங்கயும் விசாரிக்கிறவன் மொதல்ல கதிரதான் குடுப்பான் அத்தே. மெதுவாத்தான் பேசுவான். உக்காருங்க தம்பி, டீ குடிங்கன்னு. கத்துறவன் ரெண்டு அடியோட போயிருவான். இவன் வந்தா போக மாட்டான்."

மூன்று நாள் அவன் நின்றுகொண்டேதான் தின்றான். ராக்கம்மா கெஞ்சக் கெஞ்சச் சுவரோடு சுவராக ஒடுங்கினான். நாலாம் நாள் நான் தண்ணீர்ப் பீலியில் குடம் வைத்துக்கொண்டிருந்தேன். லயத்தின் கடைசிக் காம்பராவிலிருந்து ஒரு கத்தல் கேட்டது. அந்தக் குரலை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. யாரோ அடித்துக்கொள்கிறார்கள் என்று ஆட்கள் வெளியே ஓடி வந்தார்கள். நானும் குடத்தை விட்டுவிட்டு ஓடினேன்.

ராக்கம்மா வாசல்படியில் நின்றிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. "எருமமாடு, எத்தன தரம்டா சொல்றது? சோறு ஆறுது, வந்து உக்காருடா நாயே" என்று ஊரே அதிரக் கத்தினாள்.

சந்திரன் வந்தான். தட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சோற்றைப் பிசைந்தான்.